அமெலியின் மொன்மார்த்: ஒரு பிரெஞ்சுக் காதல் நகைச்சுவைப் படமும் அது காட்டாது விட்ட மக்களும்

வரலாற்று மாணவர்க்குச் சான்றாதாரங்களாக அமைவன கல்வெட்டுகளும் அரச ஆவணங்களும் மட்டுமே என்னும் கருத்து வலுவிழந்து நெடுங்காலமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் திரைப்படத்தையும் ஓர் ஆவணமாகக் கொள்ளுதல் இன்று வழக்காகிவிட்டது. எனினும், திரைப்படத்தைச் சான்றாகக் கொள்ளுமிடத்து எழும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. அரச ஆவணம் ஒன்று எதனைக் கூறாது விட்டது என்பதைப் பிறிதோர் ஆவணத்தின் துணைகொண்டு அறியலாம். திரைப்படமோ, தான் காட்டும் உலகே முழு உலகு என நம்பச் செய்யும் ஆற்றல் வாய்ந்தது. அதிலும், காதலும் நகையும் கலந்த இனிய படமொன்று அவ்வாறு நம்பச் செய்யுமாயின் அதனை ஐயுற்று நோக்க எவர்க்கும் மனம் வருவதில்லை. 2001ஆம் ஆண்டில் பிரான்சில் அத்தகைய படமொன்றை முன்னிட்டு எழுந்த விவாதத்தையும், அவ்விவாதத்தின் பின்புலமாக அமைந்த வரலாற்றையும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

ஜோன்-பியர் ஜெனே இயக்கிய 'அமெலி புலேனின் அற்புத விதி' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட அப்படம் 2001 ஏப்ரில் 25ஆந் திகதி பிரான்சில் திரையிடப்பட்டது. பிற நாடுகளில் 'அமெலி' என்னும் சுருங்கிய பெயராலேயே அது அறியப்படுகின்றது. பரிஸ் நகரின் மொன்மார்த் குன்றிலே, லெப்பிக் வீதியிலுள்ள கோப்பிக்கடை ஒன்றில் பணிபுரியும் இளம்பெண் அமெலி. 1997 ஓகஸ்ற் இறுதியில் இளவரசி டயானாவின் மரணச் செய்தியைத் தொலைக்காட்சியிற் கேட்டுத் திடுக்குற்ற அவள், கையிலிருந்த போத்தல் மூடியைத் தவறவிடுகின்றாள். அது உருண்டுபோய்ச் சுவரோட்டை மோத, ஓட்டின் பின்னே நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிறுவன் ஒளித்துவைத்த தகரப் பெட்டி வெளிப்படுகின்றது. அதனை உரியவனிடம் சேர்த்தபின், பிறர் வாழ்வை மறைவாக நின்று திருத்துவதே தன் பணி என அவள் உறுதி கொள்கின்றாள். இறுதியில், நிழற்படக் கூடங்களிலே பிறர் கிழித்தெறிந்த படங்களைச் சேகரித்துத் திரியும் நினோ என்னும் இளைஞனிடம் தன் காதலைச் சேர்ப்பிக்கின்றாள். பிரான்சில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின. 2002இல் சிறந்த படம், சிறந்த இயக்கம் என்பன உள்ளிட்ட நான்கு சேஸர் விருதுகள் அதற்குக் கிடைத்தன.

படம் வெளிவந்து ஐந்து வாரங்களின் பின்னர், மே 31ஆந் திகதி, 'லிபரேசியோன்' நாளிதழில் சேர்ஜ் ககான்ஸ்கி என்னும் விமரிசகர் கடுங் கண்டனம் ஒன்றை எழுதினார். நாடே கொண்டாடிய ஒரு படத்தை எதிர்த்து எழுதுதற்கு ஓரளவு துணிவு வேண்டும். படத்திற் காட்டப்படும் பரிஸ், வேற்றினத்தவரும் வேற்று வாழ்க்கை முறையினரும் துடைத்தகற்றப்பட்ட நகர் என்பது அவர் வாதம். மொன்மார்த்திலும் பரிசின் புகைவண்டி நிலையங்களிலும் நாளாந்தம் காணப்படும் அன்ரிலீசுத் தீவினரும் வட ஆபிரிக்கரும் சீனரும் எங்கே போயினர் என அவர் வினவினார். தேசிய முன்னணித் தலைவர் லு பென் தம் கனவுப் பிரான்சை மக்களுக்கு விளம்பரஞ் செய்ய விரும்பின் இப்படமே போதுமானது என்ற கருத்தும் அவ்வெழுத்தில் இடம்பெற்றிருந்தது. இயக்குநர் ஜெனே இக்குற்றச்சாட்டை மறுத்தார். மொரொக்கோ வமிசாவழியினரான ஜமெல் டெபூஸ் படத்தில் முக்கிய பாத்திரமொன்றை ஏற்றிருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். வேறு பலர், இது ஒரு தேவதைக் கதை, கதையிற் குடிசன மதிப்பைத் தேடலாமா எனக் கேட்டனர்.

இவ்விரு கட்சிகளுள் எது சரி என உடனே தீர்ப்பளிக்கப் புகுதல் தகாது. முதலிற் படத்தையே உற்று நோக்குதல் வேண்டும்.

ஜெனே தம் பரிஸ் நகரைக் கவனத்துடன் துப்புரவு செய்தே படம்பிடித்தார் என்பது மறைக்கப்பட்ட செய்தியன்று. வீதிகளிலிருந்து வாகனங்கள் அகற்றப்பட்டன. சுவர்க் கிறுக்கல்கள் நீக்கப்பட்டன. பின்னர் கணினியின் துணையால் பச்சை, சிவப்பு, பொன்மஞ்சள் ஆகிய நிறங்கள் மிகுவிக்கப்பட்டன. இந்நிறச் சேர்க்கைக்குத் தூண்டுதலாயிருந்தவர் யுவாரெஸ் மசாடோ என்னும் பிரேசில் நாட்டு ஓவியர் ஆவார். பிரெஞ்சுத் தன்மையின் திருவுருவமென உலகம் ஏற்றுக்கொண்ட ஒரு படத்தின் வண்ணங்கள் தென் அமெரிக்கரிடமிருந்து பெறப்பட்டவை என்பதும், அதன் கதாநாயகி பாத்திரம் முதலில் எமிலி வற்சன் என்னும் ஆங்கில நடிகைக்காகவே எழுதப்பட்டதென்பதும் சிறு முரண்நகைகளே. ஆயினும் பின்னர் கூறப்படுவதற்கு இவை பொருத்தமான முன்னுரையாகும்.

டெபூஸ் ஏற்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். மரக்கறிக் கடையொன்றில் வேலை செய்யும் பையன் அவன். முதலாளி கொலிஞோன் வாடிக்கையாளர் முன்னிலையில் அவனை மந்தபுத்தியினன் என இழித்துரைக்கின்றான். அமெலி அதற்காக முதலாளியைப் பழிவாங்குகின்றாள். படத்தின் நகைச்சுவையிற் பெரும்பகுதி இப்பழிவாங்கலைச் சார்ந்தது. பையனோ அயல் வீட்டு முதியவரான ஓவியரிடம் சித்திரம் பயில்கின்றான். அன்போடு தீட்டப்பட்ட பாத்திரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் பெயர் லூசியென். அவன் பெற்றோர் எவர், எங்கிருந்து வந்தனர் என்பன பற்றிப் படத்தில் ஒரு சொல்லும் இல்லை. கொலிஞோன் அவனை இழித்துரைக்கும்போதும் அவன் அறிவைப் பழிக்கின்றானேயன்றி அவன் பிறப்பைப் பழிப்பதில்லை. 1997ஆம் ஆண்டின் பரிஸ் நகரில், வட ஆபிரிக்க முகமுடைய வேலையாளை ஏசும் ஒரு முதலாளியின் வாயிலிருந்து அவ்வசை மட்டும் வராதிருத்தல் இயல்பா என்பது சிந்தித்தற்குரியது.

அக்கடையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். மூன்று சகோதரர் வீதியில் அமைந்துள்ள மெய்யான கடையொன்றிலேயே அக்காட்சிகள் படமாக்கப்பட்டன. அக்கடையின் மெய்யான உரிமையாளர் வட ஆபிரிக்க வமிசாவழியினர். பரிஸ் நகரத்தவர் தம் அன்றாடப் பேச்சில், இரவு நெடுநேரம் திறந்திருக்கும் மூலைக்கடையை 'மூலையிலுள்ள அரபியர்' என்றே குறிப்பிடுவர். அந்த அளவுக்கு அத்தொழில் வட ஆபிரிக்கக் குடியேறிகளோடு இணைந்துவிட்டது. படத்தில் கடைக்குச் சூட்டப்பட்ட பெயர் 'கொலிஞோன் இல்லம்'. உரிமையாளர் பிரெஞ்சுக்காரராகவும் வட ஆபிரிக்கர் வேலையாளாகவும், அவ்வேலையாளும் பிரெஞ்சுப் பெயரினனாகவும் இடம் மாறினர். படம் புகழ்பெற்ற பின்னர், சுற்றுலாப் பயணிகளின் பொருட்டு 'கொலிஞோன் இல்லம்' என்னும் பெயர்ப்பலகை அக்கடை முகப்பிலே நிலைத்துவிட்டது.

கறுப்பின மக்கள் இப்படத்தில் முற்றாக இல்லையெனல் பொருந்தாது. ஒரு காட்சி நினைவுகூரத் தக்கது. எலும்புகள் எளிதில் நொருங்கும் நோயினால் வீட்டை விட்டு வெளியேறாத முதிய ஓவியருக்கு, உலகின் அழகிய கணங்களைத் தொகுத்து ஒளிநாடாக்களாக அனுப்புகின்றாள் அமெலி. அவற்றுள் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி சிஸ்ரர் றொசெற்றா தார்ப் கித்தாருடன் பாடும் பழைய துண்டும், ஒற்றைக்காலுடன் ஆடும் கறுப்பின நடனக் கலைஞர் ஒருவரின் துண்டும் உள. ஆக, அவர்கள் இவ்வுலகிற் புகுவது பெட்டிக்குள் அடைபட்ட காட்சியாக, வேறொரு நாட்டிலிருந்து, வேறொரு காலத்திலிருந்து. அமெலியின் தந்தையின் தோட்டத்துக் குள்ளப் பொம்மையின் கதையும் இத்தகையதே. விமானப் பணிப்பெண் ஒருத்தியின் துணையால் அப்பொம்மை உலகெங்கும் சுற்றி, மொஸ்கோ முதலிய நகரங்களிலிருந்து தன் நிழற்படத்தை அனுப்புகின்றது. மொன்மார்த்திலிருந்து உலகிற்குச் செல்ல வழியுண்டு. உலகு மொன்மார்த்திற்கு வந்து குடியிருப்பதைத்தான் காணவியலவில்லை.

உண்மையில் உலகு அங்கே வந்து குடியேறியிருந்தது. மொன்மார்த் குன்று பரிசின் 18ஆம் வட்டாரத்தைச் சேர்ந்தது. அதே வட்டாரத்தில், குன்றிலிருந்து கிழக்கே நடந்து செல்லத்தக்க தொலைவில் கூத் டோர் என்னும் பகுதி உளது. எமில் சோலா 1877இல் வெளியிட்ட 'லசொம்முவார்' நாவலின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த இடம் அதுவே. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலந் தொட்டு அல்ஜீரியத் தொழிலாளரும், பின்னர் மேற்கு ஆபிரிக்கரும் அங்கே குடியேறினர். 1996 ஜூன் 28ஆந் திகதி, வதிவிட உரிமைப் பத்திரம் இல்லாத ஏறத்தாழ 300 ஆபிரிக்கர், அப்பகுதியிலுள்ள புனித பேர்னார் தேவாலயத்திற் புகலிடம் தேடினர். அவர்களுட் சிலர் உண்ணாவிரதம் இருந்தனர். ஓகஸ்ற் 23ஆந் திகதி காலை பொலிசார் கோடரியாற் கதவைப் பிளந்து உட்புகுந்து அவர்களை வெளியேற்றினர். அமெலியின் கதை தொடங்குவது அந்நிகழ்ச்சி நடந்து ஓராண்டும் ஒரு வாரமும் கழிந்த நாளில்.

அடுத்த ஆண்டு பெப்ருவரியில், தம் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் புறப்படும்போது வீட்டுக்காரர் அதனை நகரசபைக்கு அறிவித்தல் வேண்டும் எனக் கூறிய டெப்ரே மசோதாவை எதிர்த்து, ஏறத்தாழ அறுபது பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர்கள் கூட்டறிக்கை வெளியிட்டனர். அச்சட்டத்திற்குப் பணியோம் எனப் பகிரங்கமாக அறிவித்தனர். 1997ஆம் ஆண்டின் பிரான்சில் குடியேற்றம் என்பது திரைப்படத் துறையினர் அறியாத பொருளன்று. அவர்களே முன்னின்று போராடிய பொருள். நினோவாக நடித்த மத்தியூ கசோவிற்ஸ், 1995இல் 'வெறுப்பு' என்னும் படத்தை இயக்கியவர். யூத, அரபு, கறுப்பின இளைஞர் மூவரின் ஒரு நாள் வாழ்வை வைத்துப் புறநகர்ச் சேரியின் கொதிப்பைக் காட்டிய அவர், ஆறாண்டுகளின் பின்னர் அமெலியின் காதலனாகத் தோன்றினார். கலைஞர் ஒருவரை எப்போதும் ஒரே வகைப் படத்தில் இருத்திவைத்தல் நியாயமன்று. ஆயினும் அவ்விரு படங்களும் ஒரே நகரைப் பற்றியவை என்பதை நம்புதற்குச் சற்றுச் சிரமப்பட வேண்டியுள்ளது.

ஈண்டு எம்மவர் தொடர்பும் ஒன்று உண்டு. 1980கள் தொட்டு, சிறப்பாக 1983இன் பின்னர், இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராகப் புகலிடம் தேடி வந்து கடைகளும் உணவகங்களும் நிறுவிய லா சப்பெல் பகுதியின் ஒரு பாகமும் அதே 18ஆம் வட்டாரத்தினுள் அடங்குகின்றது. 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயமும் அவ்வட்டாரத்ததே. 1990களின் நடுப்பகுதியிலிருந்து, ஓகஸ்ற் மாத இறுதியை அண்டி அவ்வாலயத்துத் தேர் வீதிவலம் வருவது வழக்கமாயிற்று. தேங்காய்கள் குவிக்கப்பட்டு உடைக்கப்படும் அவ்வீதிகளுக்கும் அமெலியின் கோப்பிக்கடைக்கும் இடையே சில சுரங்கப் புகைவண்டித் தரிப்புகளே உள. அமெலி அலைந்து திரியும் புகைவண்டி நிலையங்களை அடுத்துத்தான் எம்மவர் கடைகள் இருந்தன. படத்திற் சேலையுடுத்த ஒரு பெண்ணாவது கடந்துபோயிருக்கலாம் எனக் கருதுதல் பேராசையாகுமோ?

படத்தின் சார்பாளர் கூறும் விடையொன்றை இனி ஆராய்தல் வேண்டும். இது இன்றைய பரிஸ் அன்று, கனவில் நிலைத்த பழைய பரிஸ் என்பது அவ்விடை. மார்செல் கார்னே 1938இல் எடுத்த 'வடக்கு விடுதி' போன்ற படங்களும், றொபேர் டுவானோவின் கறுப்பு வெள்ளை நிழற்படங்களும் உருவாக்கிய நகரையே ஜெனே மீட்டெடுத்தார் என்பர். இவ்விடையை ஏற்போமாயினும் வரலாறு அதற்கு இடந்தருவதில்லை. மொன்மார்த்தைக் கலையுலகில் நிலைநாட்டியவர்களுள் ஸ்பானியரான பிக்காசோவும் இத்தாலியரான மொடிலியானியும் அடங்குவர். முதலாம் உலகப் போரின் பின்னர், குன்றின் தெற்குச் சரிவிலுள்ள பிகால் வீதி அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசைக்கூடங்களால் நிறைந்திருந்தது. 'லு கிராந் டுயுக்' என்னும் இசைக்கூடத்தை நடத்தியவர்களுள் ஒருவரான யூஜீன் புல்லார்ட், பிரான்சுக்காக வானிற் பறந்து போரிட்ட கறுப்பினப் போர்விமானி. 1924இல் அக்கூடத்தின் சமையலறையிற் பாத்திரங் கழுவியவர் பின்னாளிற் பெருங்கவிஞராகப் புகழ்பெற்ற லாங்ஸ்ரன் ஹியூஸ். ஆகவே ஒரே முகத்தவர் மட்டும் வாழ்ந்த பழைய மொன்மார்த் என்று ஒன்று இருந்ததேயில்லை. இழந்துபோன பொருளுக்காக ஏங்குதல் மனித இயல்பு. இல்லாதிருந்த பொருளுக்காக ஏங்குதலே அரசியலிற் கவலைக்கு இடமளிப்பது. ககான்ஸ்கியின் வாதத்தில் வலிமை வாய்ந்த பகுதியும் இதுவே என்பது எம் கருத்து.

இனி, இவ்வாறு காட்டாது விடுதல் ஓர் இயக்குநரின் தனிப்பட்ட விருப்பு மட்டும்தானா? பிரெஞ்சுக் குடியரசின் சிந்தனை மரபை அறியாது இவ்வினாவிற்கு விடை காணல் அரிது. 1958ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை, பிறப்பு, இனம், மதம் என்னும் வேறுபாடின்றிக் குடிமக்கள் அனைவரும் சட்டத்தின் முன் சமம் என்கின்றது. 1978 ஜனவரி 6ஆந் திகதிய சட்டம், ஒருவரின் இனமூலம் பற்றிய தகவலைத் திரட்டுதற்குக் கடுந்தடை விதித்தது. அத்தகைய கணிப்பீட்டுக்கு வழி திறக்க முயன்ற சட்ட ஏற்பாடு ஒன்றை 2007 நவம்பரில் அரசியலமைப்புச் சபை செல்லாதெனத் தீர்த்தது. குடிசன மதிப்பில் இனவாரியாக எண்ணப்படுதலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கண்டு பழகிய இலங்கையரான எமக்கு இது வியப்பளிக்கலாம். ஆனால் பிரான்சின் அச்சத்திற்கு வலுவான காரணம் உண்டு. 1940 ஒக்ரோபரில், ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழ், பரிஸ் நகரப் பொலிசார் யூதர்களைப் பதிவுசெய்து அட்டவணைகளைத் தயாரித்தனர். பின்னர் அவ்வட்டவணைகளைக் கொண்டே அவர்கள் கைதுசெய்யப்பட்டனர். எண்ணப்படுதல் எத்தகைய பேரழிவுக்கு வழிவகுக்கும் என்பதைக் கண்ட நாடு எண்ண மறுப்பதில் ஒரு கண்ணியம் உண்டு.

லூசியென் என்னும் பெயரை இப்பின்னணியில் இருவகையாக வாசிக்கலாம். எவனுடைய பிறப்பையும் வினவாத குடியரசு இலட்சியத்தின் வெளிப்பாடு அது எனலாம். மொரொக்கோவிலிருந்து வந்த குடும்பத்தின் மகன் பிரெஞ்சுப் பெயரைப் பூண்ட பின்னரே இக்கனவினுள் அனுமதிக்கப்பட்டான் எனவும் கொள்ளலாம். இரண்டும் ஒருங்கே உண்மையாயிருத்தல் கூடும். ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. எண்ணுதற்குத் தடை விதித்த சட்டம், காட்டுதற்குத் தடை விதிக்கவில்லை. கணக்கெடுப்போனுக்கு உள்ள தயக்கம் கலைஞனுக்கு வேண்டியதில்லை. பிறப்பை வினவாதிருத்தல் வேறு. பிறந்தோரைக் காணாதிருத்தல் வேறு.

காதல் நகைச்சுவை என்னும் வகை அத்தகைய பாரத்தைத் தாங்காது என்பாரும் உளர். அவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். கொலின் செரோ என்னும் பெண் இயக்குநர் 1989இல் 'றொமுவால்ட்டும் ஜூலியெற்றும்' என்னும் படத்தை வெளியிட்டார். தயிர் உற்பத்தி நிறுவனமொன்றின் தலைவர் றொமுவால்ட். அவருடைய அலுவலகத்தை இரவிலே கூட்டித் துடைக்கும் கறுப்பினப் பெண் ஜூலியெற். நிறுவனத்தில் உயர்ந்தோர் தலைவருக்கு எதிராகச் செய்யும் சூழ்ச்சிகள் யாவும் அவளுக்குத் தெரியவருகின்றன. ஏனெனில் துடைப்பத்துடன் நிற்பவளை எவரும் ஓர் ஆளாகக் கருதி வாயடக்குவதில்லை. தன்னைக் காணாதவர்களை எல்லாம் அவள் காண்கின்றாள். படத்தின் நகைச்சுவையும் அதன் சமூக விமரிசனமும் இவ்வொரே ஊற்றிலிருந்து பிறக்கின்றன. தலைமறைவாக வேண்டிய முதலாளி, அவளும் அவளுடைய பிள்ளைகள் ஐவரும் நெருங்கி வாழும் வீட்டில் அடைக்கலம் புகுகின்றார். பின்னர் காதல் கொண்டு அவர் வேண்டும்போது, அவள் உடனே உவந்து ஏற்பதில்லை. குவாதலூப் தீவைச் சேர்ந்த பிர்மின் றிஷார், திரைப்பட அனுபவம் இல்லாதவராயிருந்தும் அப்பாத்திரத்தைப் பெருமிதத்துடன் நடித்தார். ஐந்து பிள்ளைகளுக்கும் ஐந்து தந்தையர் எனக் கதையமைத்தது கறுப்பினப் பெண் பற்றிய பழைய ஏளனத்தின் எச்சமாகலாம். முடிவில் செல்வனே வறியவளை உயர்த்துகின்றான் என்பதும் மறுக்கவொண்ணாதது. அக்குறைகளோடும் அப்படம் சிரிப்பூட்டுகின்றது; பரிஸ் நகரின் அலுவலகங்களை இரவில் துப்புரவாக்குவோர் யார் என்பதையும் சொல்கின்றது.

ககான்ஸ்கியின் கண்டனத்தில் எமக்கு உடன்பாடற்ற இடமும் உண்டு. ஒரு படத்தை லு பென்னின் அரசியலோடு இணைத்துரைத்தமை மிகையானது. அமெலியின் உலகில் வெறுப்பு இல்லை. அங்கே வலியோரிடமிருந்து மெலியோர் காக்கப்படுகின்றனர். கோப்பிக்கடைப் பணிப்பெண், வாயில் காக்கும் மூதாட்டி, கடைப்பையன் முதலிய எளியோரே அங்கே மாந்தர். செல்வரின் மாளிகைகளில் அலையும் காதற் படங்களினின்றும் அது வேறுபடுவது இவ்வாற்றான். 2002 ஏப்ரில் 21ஆந் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலின் முதற் சுற்றில் லு பென் இரண்டாம் இடத்தைப் பெற்றுப் பிரான்சை அதிரச் செய்தபோது, ககான்ஸ்கி தீர்க்கதரிசி எனச் சிலர் எண்ணியிருக்கக்கூடும். அவ்வாறு எண்ணுதல் வரலாற்று நெறியாகாது. தேசிய முன்னணி 1972இல் நிறுவப்பட்டது. 1980களிலேயே தேர்தல்களில் வேரூன்றியது. 80 இலட்சம் பேர் அமெலியைக் கண்டு மகிழ்ந்தமை அதற்குக் காரணமுமன்று, அறிகுறியுமன்று. இரண்டாஞ் சுற்றில் சிராக்கிற்கு வாக்களித்த 82 சதவீதத்தினருள்ளும் அப்படத்தை நேசித்தோர் மிகப் பலர் இருந்திருப்பர்.

பிரெஞ்சுத் திரைகளில் யார் தோன்றுகின்றனர் என்னும் வினா அதன்பின்னர் ஓயவில்லை. 2005ஆம் ஆண்டின் இறுதியிற் புறநகர்ப் பகுதிகளில் மூண்ட கலவரங்கள் அதனை அரசின் வாயிலுக்கே கொண்டுசென்றன. எண்ணுதலை மறுத்த அதே நாட்டில், தொலைக்காட்சியில் தோன்றுவோரின் பன்மையை அளந்தறியும் முயற்சியை ஒலிபரப்பு மேற்பார்வைச் சபை 2009இல் தொடங்கியது. இலங்கைத் தமிழ் அகதிகள் மூவரைத் தலைமை மாந்தராகக் கொண்ட 'தீபன்' 2015இல் கான் விழாவின் தலையாய பரிசைப் பெற்றது. ஆனால் தமிழர் அங்கே தோன்றுதற்கு வன்முறையும் துப்பாக்கியும் தேவைப்பட்டன. கோப்பிக்கடையிலே காதலிக்கும் தமிழனையோ தமிழச்சியையோ காட்டும் பிரெஞ்சுப் படத்தை இனித்தான் தேடவேண்டும்.

லூசியெனாக நடித்த ஜமெல் டெபூசின் பிற்கால முயற்சி ஒன்று இவ்விடத்திற் குறிக்கத்தக்கது. 2006இல் றஷீட் புஷாரெப் இயக்கிய 'சுதேசிகள்' என்னும் படத்தின் தயாரிப்பில் அவர் பங்குகொண்டதோடு அதில் நடிக்கவுஞ் செய்தார். இரண்டாம் உலகப் போரில் பிரான்சை விடுவிக்கப் போரிட்டு, பின்னர் மறக்கப்பட்ட வட ஆபிரிக்கப் படைவீரரின் கதை அது. கான் விழாவில் அதன் நடிகர் ஐவருக்கும் சிறந்த நடிகர்க்கான விருது கூட்டாக வழங்கப்பட்டது. குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்ற காலந் தொட்டு உறைநிலையில் வைக்கப்பட்டிருந்த அவ்வீரர்களின் ஓய்வூதியத்தைப் பிரெஞ்சு வீரர்க்குரிய அளவுக்கு உயர்த்தும் முடிவை, அப்படம் திரைக்கு வந்த செப்டெம்பர் மாதத்திலேயே சிராக்கின் அரசு அறிவித்தது. அப்படத்தில் டெபூஸ் ஏற்ற பாத்திரத்தின் பெயர் சயீத்.